அம்மா வைத்த பொட்டில் மறுபடி புதுச்சேரி வானொலி வருமா?

கெடிலக்கரையான் (கடலூர்) கேட்டது:

வணக்கம். கேள்வி சின்னதுதான், முன்கதை பெரிது. பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பாவுக்கு 84 வயது. முதுநகரில் ஒரு மல்லாட்டை மண்டியில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவர். (நம் பக்கம் இல்லாதவர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை நம் வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது.) மண்டியில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தோல் உறை போட்ட ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். மீடியம் வேவ், ஷார்ட் வேவ், இரண்டே பேண்டு. காலையில் 7.15 டெல்லிச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமி குரல் கேட்டால் மூட்டை தூக்குகிறவர்கள் பீடியை அணைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். அதோடு பாட்டு, செய்தி வேலை முடிந்தது.

மதியத்துக்கு மேல் அந்தப் பெட்டிக்கு வேறு வேலை. களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருக்கும். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால மழை சொல்லாமல் வரும். ஒரு தடவை நனைந்தால் பூஞ்சை பிடித்து விலை பாதியாகிவிடும். அப்பா மூன்று மணிக்கு ரேடியோவைப் போட்டு, எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துவார். வெறும் இரைச்சல். அதற்குள் 'சட்... சடசட...' என்று வெடிக்கும். எத்தனை வெடிப்பு, எவ்வளவு இடைவெளி என்று காதைக் கொடுத்துக் கேட்பார். பிறகு பெட்டியை மேசைமேல் மெதுவாகச் சுற்றுவார், திசைகாட்டி மாதிரி. ஓரிடத்தில் நிறுத்தி, "மேற்க குமுறுதுடா, தார்ப்பாய எடு" என்பார். வானம் வெள்ளையாக இருக்கும். ஆட்கள் சிரித்துக்கொண்டே தார்ப்பாய் எடுப்பார்கள். பத்துக்கு ஏழு தடவை அவர் சொன்னது நடக்கும் என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன். ஆறாகவும் இருக்கலாம், மகன் சொல்கிற கணக்கு.

மண்டியை மூடியபோது முதலாளி அந்தப் பெட்டியை அப்பாவிடமே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அது அம்மாவின் சொத்தாகிவிட்டது. அம்மாவுக்குப் புதுச்சேரி வானொலிதான் எல்லாம். டயலில் 54, 60, 70, 80, 100, 120 என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள் இல்லையா, அது அம்மாவுக்குப் புரியாது. நான் ஒருநாள் புதுச்சேரியின் 1215 கிலோஹெர்ட்ஸில் வைத்துக் காட்டினேன், டயலில் 120-ஐத் தாண்டிக் கொஞ்சம் (டயலில் கடைசி சைபரைப் போட மாட்டார்கள்). அம்மா நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒட்டிவிட்டார். அரக்குக் கலர். இன்றும் இருக்கிறது. அம்மா இல்லாமல் ஆறு வருஷம் ஆகிறது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். புதுச்சேரி வானொலி எஃப்.எம்-முக்குக் குடிபோய்விட்டது. 102.8-ல் அழகாகக் கேட்கிறது. எங்கள் பெட்டியில் எஃப்.எம். கிடையாது. பொட்டுக்கு நேரே முள்ளை வைத்தால் 'கொர்ர்ர்' என்று ஓர் உறுமல்தான் வருகிறது. அப்பாவுக்குப் புது எஃப்.எம். செட் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கேட்டுவிட்டு, "தண்ணி மாதிரி இருக்கு, உப்பே இல்ல" என்று ஒதுக்கிவிட்டார். கண் மங்கிவிட்டது, கிட்டே வைத்துப் பார்த்தால் முள்ளும் அந்தச் சிவப்புப் புள்ளியும் மட்டும் தெரியுமாம். தினமும் காலையில் முள்ளைக் கொண்டுபோய்ப் பொட்டில் நிறுத்துகிறார், உறுமலைக் கேட்கிறார், அணைத்துவிடுகிறார்.

ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு எஃப்.எம். போர்டு வைத்துத் தருகிறேன் என்றார்கள். டயல் சும்மா அழகுக்கு இருக்குமாம். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டியைக் கெடுக்காமல், அதே பொட்டு இருக்கும் இடத்தில் புதுச்சேரி நிகழ்ச்சியை வரவைக்க வழி உண்டா?


டவுன் ஹால் தம்பி எழுதியது:

அண்ணா, நியூஸ் ஆன் ஏர் ஆப் போட்டுக் கொடுத்துடுங்க. இந்தியா முழுக்க எல்லா ஆகாசவாணியும் வரும். முடிஞ்சுது.


கெடிலக்கரையான்:

தம்பி, அது என் போனிலேயே இருக்கிறது. அப்பாவுக்குத் திருக ஒரு குமிழ் வேண்டும்.


சால்டரிங் அயன் (பண்ருட்டி) எழுதியது:

சார், முதலில் அந்தக் கடையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு ஒரு கும்பிடு. நான் 28 வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். இப்போது மிக்ஸி, ஃபேன்தான், கை மட்டும் மறக்கவில்லை.

உங்கள் பெட்டி எஃப்.எம். பிடிக்காது, பிடிக்க வைக்கவும் முடியாது. மீடியம் வேவ் பெட்டிக்குள் ஐ.எஃப். (பிடித்த ஸ்டேஷனைப் பெட்டி உள்ளே மாற்றிக்கொள்ளும் நடு அலைவரிசை) 455 கிலோஹெர்ட்ஸ். எஃப்.எம்-முக்கு 10.7 மெகாஹெர்ட்ஸ். காயில், கேங் (குமிழைத் திருகினால் சுழலும் டியூனிங் கண்டன்சர்), டிடெக்டர் எல்லாமே வேறு ஜாதி. அதனால்தான் அவர்கள் எல்லாவற்றையும் பிடுங்கப் பார்த்தார்கள். அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியாது, அது ஒன்றுதான் சுலபமான வேலை.

அதற்கு முன் ஒன்று. அந்தக் கொர்ர்ர் பெட்டியின் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் எல்.இ.டி. பல்பு எத்தனை, இன்வெர்ட்டர் இருக்கிறதா, போன் சார்ஜர் எத்தனை செருகியே கிடக்கிறது? அதெல்லாம் மீடியம் வேவைத் தின்றுவிடும். மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரியில் போட்டுக் கேளுங்கள். உறுமல் நின்றுவிட்டால் பெட்டி நல்ல பெட்டி. வால்யூம் கன்ட்ரோலும் பேண்டு சுவிட்சும் அழுக்கேறியிருக்கும், துடைத்தால் சரியாகிவிடும்.

அப்புறம் உங்கள் ஆசைக்கு வழி. 102.8-ஐ உங்கள் பெட்டி பிடிக்க வேண்டாம். இருநூறு முந்நூறு ரூபாய் பாக்கெட் எஃப்.எம். ஒன்று பிடிக்கட்டும். அது பிடித்ததை ஒரு சின்ன சர்க்யூட் மீடியம் வேவாக மாற்றி, 1215-ல், பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு முழத் தூரத்துக்கு மட்டும் ஊதட்டும். உங்கள் அப்பா பொட்டுக்குத் திருகினால் புதுச்சேரி வரும். பெட்டியில் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டாம்.


கெடிலக்கரையான்:

அண்ணே, இதைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அப்படி ஒன்று விற்கிறார்களா?


சால்டரிங் அயன்:

விற்க மாட்டார்கள் சார், செய்ய வேண்டும். ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர், செத்துப்போன ரேடியோவிலிருந்து ஆசிலேட்டர் காயில் (அலையை உண்டாக்கும் கம்பிச்சுருள்) ஒன்று, டிரிம்மர் (திருகி அலைவரிசையைச் சரிசெய்யும் குட்டிக் கண்டன்சர்), நாலைந்து கண்டன்சர், 9 வோல்ட் பேட்டரி. பழைய பெட்டிகளில் அந்தக் காயில் கேங்கோடு சேர்ந்து 985-லிருந்து 2065 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஆடும். ஸ்டேஷனைவிட எப்போதும் 455 கூடுதலாக ஆடுவதுதான் அதன் பிழைப்பு. 1215 அதற்குள்ளேயே வந்துவிடுகிறது, ஒரு சுற்றுகூட அவிழ்க்க வேண்டாம். என்னிடம் அட்டைப்பெட்டி நிறைய செத்த ரேடியோ கிடக்கிறது. வாருங்கள்.


பாகூர் வாசகி எழுதியது:

அண்ணா, உங்கள் அம்மா பொட்டு வைத்த கதையைப் படித்து அழுதுவிட்டேன். ஆனாலும் கொஞ்சம் மாற்றிப் பேச வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

எங்கள் வீட்டிலும் ரேடியோ இருந்தது. கூடத்தில், சுவரில் அடித்த பலகைமேல், தாத்தா கைக்கு எட்டும் உயரத்தில். எங்கள் கைக்கு எட்டாது. அவர் திருச்சி வைத்தால் திருச்சி, செய்தி வைத்தால் செய்தி. ராத்திரி அவர் இலங்கை வைப்பார். கடல்தாண்டி வந்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போலிருக்கும். கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது குரலெல்லாம் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டவைதான். பாட்டு நடுவில் அலை வந்து அடித்துக்கொண்டு போகும், வேறு ஏதோ பாஷை மேலே ஏறிப் பேசும். கடைசி வரி காதில் விழாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் தோழியிடம் கேட்டு நிரப்பிக்கொள்வேன். நேயர் விருப்பத்துக்குக் கார்டு போடக்கூட என் பெயரில் போட விடவில்லை, தம்பி பெயரில் போட்டேன். அவன் பெயரை வாசித்தார்கள். அவன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எஃப்.எம். வந்தபோது என் கையில் ஒரு சின்ன மொபைல் இருந்தது. இயர்போனைச் செருகி 102.8 வைத்தேன். என் காதுக்கு மட்டும், எனக்குப் பிடித்ததை, முழுசாக, கடைசி வரி வரைக்கும் கேட்டேன். முப்பத்தெட்டு வயதில்தான் எனக்கென்று ஒரு ரேடியோ கிடைத்தது. அதனால் எஃப்.எம்-முக்கு உப்பில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.


கெடிலக்கரையான்:

அம்மா, நீங்கள் சொல்வது எங்கள் வீட்டுக்கும் பொருந்தும். மண்டி மூடிய பிறகுதான் எங்கள் அம்மாவின் கைக்கு ரேடியோவே வந்தது. அதற்கு முன்னால் அவர் என்ன கேட்டார் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் கேட்கவில்லை.


சோனாங்குப்பத்துப் பையன் எழுதியது:

ஐயா, உங்க அப்பா பெட்டியைச் சுற்றுவதைப் படித்ததும் எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. கட்டுமரத்துக்காரர். பாலிதீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு போவார். மார்கழிப் பனியில் கரை தெரியாதபோது சென்னையையோ பாண்டியையோ வைத்துவிட்டுப் பெட்டியை மெள்ளத் திருப்புவார். ஒரு திசையில் சத்தம் அப்படியே செத்துவிடும். அப்போது பெட்டியின் நீளவாக்கு எங்கே காட்டுகிறதோ அங்கே ஸ்டேஷன். முன்பக்கமா பின்பக்கமா என்று பெட்டி சொல்லாது, அதை அலையும் காற்றும் சொல்லிவிடும் என்பார்.

எஃப்.எம்-மில் இந்த வேலை நடக்காது. வெகுதூரம் போனால் பிடிப்பதும் இல்லை. கரையில் இருக்கிற வரைக்கும் பாட்டு, உள்ளே போகப் போகக் கிழிந்து கிழிந்து போய்விடும். மீடியம் வேவ் அப்படியில்லை, கடல்மேல் இன்னும் கெட்டியாகக் கேட்கும். இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. புயல் எச்சரிக்கையை மட்டும் கரையில் இருக்கும்போதே கேட்டுவிட்டுக் கிளம்புகிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் நம் ஊருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரையேறியது இல்லையா. எங்கள் தெருவில் ஒரு கம்பம் நிற்கவில்லை. கரண்டு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. போன் எல்லாம் செத்துவிட்டது. தாத்தா பெட்டியை எடுத்துத் திண்ணையில் வைத்தார். தெருவே சுற்றி உட்கார்ந்தது. மீடியம் வேவ் அந்த நாட்களில் கேட்டது போல் சுத்தமாக அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஊரிலேயே கரண்டு இல்லையே, இரைச்சல் எங்கிருந்து வரும்? பண்ருட்டி அண்ணன் மெயினை அணைக்கச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.


லாஸ்பேட்டைக்காரர் எழுதியது:

தாமதமாக வருகிறேன். தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் கிறுக்கு நாற்பது வருஷமாக உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அப்பாவின் திசைகாட்டி. அதில் மாயம் ஒன்றுமில்லை, நல்ல விஞ்ஞானம். மீடியம் வேவ் பெட்டிக்குள் ஒரு கறுப்புக் கம்பி இருக்கும், ஃபெரைட் ராடு. அதுதான் ஏரியல். சிக்னல் வரும் திசையை அந்தக் கம்பியின் முனை நேராகப் பார்க்கும்போது ஒன்றும் பிடிக்காது. குறுக்காக இருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். மின்னலும் ஒரு டிரான்ஸ்மிட்டர்தான். அதன் வெடிப்பு மீடியம் வேவில் நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கேட்கும், இடி காதில் விழ வாய்ப்பே இல்லாத தூரம். ஆவணியில் சாயங்கால மழை நமக்கு மேற்கிலிருந்து வருவதுதான் வழக்கம், அதனால் கிழக்கா மேற்கா என்ற குழப்பமும் உங்கள் அப்பாவுக்கு இருந்திருக்காது. சோனாங்குப்பத்துத் தாத்தா ஸ்டேஷனை வைத்துக் கரையைக் கண்டுபிடித்தார், உங்கள் அப்பா அதே வழியில் மழையைக் கண்டுபிடித்திருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எஃப்.எம்-மில் இது கிடைக்காததற்குக் காரணமும் அதுதான். மீடியம் வேவில் ஒலி, அலையின் உயரத்தில் ஏறி வருகிறது. மின்னலும் பல்பும் அந்த உயரத்தைத்தான் கலைக்கின்றன. எஃப்.எம்-மில் ஒலி, அலை எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதில் இருக்கிறது. ஏறி இறங்கும் உயரத்தைப் பெட்டியே வெட்டி எறிந்துவிடும். அப்பா சொன்ன உப்பு அங்கேதான் போகிறது.

தூரத்துக்கு வருவோம். 1215 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் கிட்டத்தட்ட 247 மீட்டர். தரையையும் கடலையும் ஒட்டிக்கொண்டு வளைந்து போகும், உப்புத் தண்ணீர் அதற்கு ராஜபாட்டை. பகலில் மேலே போகும் அலையை அயனமண்டலத்தின் (வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற பகுதி) கீழடுக்கு விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும், அலை இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி வரும். பாகூர் அம்மா பாத்திரம் தேய்க்கும்போது இலங்கை பக்கத்து வீடு போலக் கேட்டதும், நடுவில் வேறு பாஷை ஏறிப் பேசியதும் இதனால்தான். 102.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2.9 மீட்டர்தான். கிட்டத்தட்ட வெளிச்சம் போல நேராகப் போகும். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள், 100 மீட்டர் கோபுரம் என்றால் 41 கிலோமீட்டர். கடலூருக்குத் தாராளமாகப் போதும். ஆழ்கடலுக்குப் போதாது.

எஃப்.எம். ஏதோ நேற்று வந்தது போலப் பேசுகிறோம். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பே சென்னையில்தான், 1977 ஜூலை 23. நம் புதுச்சேரி நிலையம் 1967-லேயே வந்துவிட்டது. மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் குடிக்கும் மின்சாரத்துக்கும், ஏக்கர் கணக்கில் கேட்கும் இடத்துக்கும் கட்டுப்படியாகாமல்தான் எங்கும் எஃப்.எம்-முக்குப் போகிறார்கள். ராத்திரியில் நாடு முழுக்கக் கேட்ட நாக்பூர் தேசிய அலைவரிசை, 1566-ல் 1000 கிலோவாட், 1988-ல் தொடங்கியது, அதையே மூடிவிட்டார்கள். அந்த இரவுகளில் 738-ல் ஹைதராபாத், 612-ல் பெங்களூரு, 1053-ல் தூத்துக்குடி என்று லாஸ்பேட்டை மொட்டைமாடியில் நோட்டுப் போட்டு எழுதி வைத்தவன் நான். எனக்கும் வருத்தம்தான். மின்கட்டணம் கட்டுகிறவன் நானில்லை என்பதால் மேலே பேசவில்லை.

இனி உங்கள் பொட்டு. பண்ருட்டிக்காரர் சொன்னது சரியான வழி. இரண்டு எச்சரிக்கை. அந்தச் சின்ன சர்க்யூட்டுக்கு ஏரியல் கம்பி வைக்காதீர்கள், ஆசைக்குக்கூட. அலைவரிசை அரசாங்கச் சொத்து, உங்கள் ஊதல் உங்கள் மேசையைத் தாண்டக் கூடாது. பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் ஃபெரைட் ராடு தானாக உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாவது, ராத்திரியில் 1215-ல் தூரத்து நிலையம் ஏதாவது வந்தால் இரண்டும் மோதி விசில் அடிக்கும். அப்படி அடித்தால் 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 1206-லோ 1224-லோ வையுங்கள்.

பாக்கெட் எஃப்.எம்-முக்கு இயர்போன் ஒயர்தான் ஏரியல். ஒயரை எடுத்துவிட்டு நேராக சர்க்யூட்டில் செருகினால் ஸ்டேஷன் போய்விடும். முக்கால் மீட்டர் ஒயர், சரியாகச் சொன்னால் 73 செ.மீ., விட்டு வையுங்கள்.


சால்டரிங் அயன்:

சார், அந்த 73 செ.மீ. எனக்குத் தெரியாது. நான் குத்துமதிப்பாக ஒரு கஜம் விடுவேன். நன்றி.


கெடிலக்கரையான் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் கணக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

மெயினை அணைத்துப் பார்த்தேன். உறுமலில் முக்கால்வாசி காணாமல் போனது. மீதி பக்கத்து வீட்டுடையது, அவர்கள் மெயினை அணைக்கச் சொல்ல முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பண்ருட்டிக்குப் போனேன். பண்ருட்டிக்குப் பலாப்பழம் வாங்கிக்கொண்டு போக முடியாது என்பதால் இரண்டு படி வறுத்த மல்லாட்டை கொண்டுபோனேன். அண்ணன் வால்யூம் கன்ட்ரோலைத் துடைத்தார், ஒரு ஒயரை மறுபடி பற்ற வைத்தார். துடைக்கிற பிரஷ்ஷைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோனபோது நான் கத்திவிட்டேன். "பொட்டைத் தொட மாட்டேன் சார்" என்றார். சர்க்யூட்டை ஒரு சோப்பு டப்பாவில் அடக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, காயில் செத்த ரேடியோவுடையது, அதற்கு என்ன விலை என்று கேட்டார்.

வீட்டில் டிரிம்மரை ஊக்கு முனையால் திருகித் திருகி 1215-க்குக் கொண்டுவர எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதல்நாள் பகலெல்லாம் நன்றாக இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் லாஸ்பேட்டை ஐயா சொன்ன விசில் வந்துவிட்டது, குக்கர் போல. 1224-க்குத் தள்ளினேன். வெயில் ஏறினால் கொஞ்சம் நகர்கிறது, சோப்பு டப்பாவை ஜன்னலிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்த பிறகு பரவாயில்லை.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலப் பெட்டியை மடியில் வைத்து முள்ளைப் பொட்டுக்குக் கொண்டுபோனார். ஏதோ கிசுகிசுவென்று வந்தது. ஒரு மயிரிழை தள்ளினார். பாட்டு வந்துவிட்டது, முழுசாக. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "பாண்டி கொஞ்சம் தள்ளிப் போயிருக்குடா" என்றார்.

"ஆமாம்ப்பா, மாத்திட்டாங்க போல."

"சொல்லிட்டு மாத்தக் கூடாதா? உங்கம்மா பொட்டு வேற இடத்துல இருக்கு."

ஸ்டிக்கரைப் பிரித்துத் தள்ளி ஒட்டவா என்று கேட்டேன். முறைத்தார். விட்டுவிட்டேன்.

பாகூர் அம்மாவுக்கு: அந்தப் புது எஃப்.எம். செட்டை என் மனைவி அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை நாளாகக் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். இப்போது கூடத்தில் ஒரு புதுச்சேரி, அடுப்படியில் ஒரு புதுச்சேரி.

நேற்று சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாலரை மணி இருக்கும். பாட்டுக்கு நடுவில் 'சட்... சடசட' என்றது. சோப்பு டப்பாவில்தான் ஏதோ லூசாகிவிட்டது என்று எழுந்தேன். அப்பா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். முள்ளைப் பாட்டிலிருந்து நகர்த்தி வெறும் இரைச்சலில் நிறுத்தினார். பெட்டியை மடியில் வைத்து மெதுவாகச் சுற்றினார். நான் அதைப் பார்த்து இருபத்தைந்து வருஷம் இருக்கும்.

"மேற்க. கொடியில துணி கெடக்குதா பாரு."

வெளியே போய்ப் பார்த்தேன். சுள்ளென்று வெயில். துணியை எடுத்து உள்ளே போட்டேன், மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏழு மணிக்குத் தூறல் விழுந்தது. ஐந்து நிமிடம்கூட இல்லை, வாசல் முழுசாக நனையவில்லை. அப்பா ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இது தார்ப்பாய் போடற மழை இல்ல" என்றார், முள்ளைப் பாண்டிக்குத் திருப்பிக்கொண்டே.